ஏதென்ஸ் வகுப்பறையில் மரியா காலஸ்

1949ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வெனிஸ் நகரத்து லா பெனிசே அரங்கில் நிகழ்ந்ததை ஓபரா என்னும் இசைநாடகக் கலையின் வரலாற்றை எழுதுவோர் விட்டுவிடுவதில்லை. வாக்னரின் 'வால்கூரே'யில் புரூன்ஹில்டாவாகப் பாடிக்கொண்டிருந்த 25 வயது மரியா காலஸ், நோயுற்ற மார்கரிட்டா கரோசியோவுக்கு மாற்றாக, பெல்லினியின் 'ஈ பூரித்தானி'யில் எல்விராவாகவும் பாட நேர்ந்தது. முன்னது வாத்தியப் பேரலைக்கு மேலெழ வேண்டிய கனத்த குரலுக்குரியது, பின்னது பிருகாக்களும் நுண்சங்கதிகளும் மலிந்தது, மென்குரலாருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அந்நாடகத்தில் அவர் அறிந்திருந்தது ஒரேயொரு தனிப்பாடல். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழுப் பாத்திரத்தையும் பாடம் செய்து, ஜனவரி 19ஆம் நாள் மேடையேறினார். அற்புதம் என்றனர். அற்புதம் என்று சொல்லிவிட்டால் காரணம் தேடும் தொல்லை இல்லை.

காரணம் ஏதென்ஸில் இருக்கிறது. நியூயார்க்கில் 1923இல் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்த மரியா, 1937இல் தாயுடன் ஏதென்ஸ் சேர்ந்தார். தேசிய இசைப்பள்ளியில் மரியா திரிவெல்லா முதல் ஆசிரியை. கனத்த அக்குரல் தாழ்குரலன்று, சொப்ரானோ என்று கண்டுகொண்டவர் அவரே. அவரை ஒரு வரியில் கடந்துவிடும் வாழ்க்கை வரலாறுகள் நன்றி மறந்தவை. 1939இல், இன்னும் மாணவியாகவே, 'கவல்லேரியா ருஸ்திகானா'வில் சந்துட்சாவாகப் பாடினார்.

அதன்பின் ஏதென்ஸ் இசைப்பள்ளியில் எல்விரா தெ இதால்கோவின் மாணவியானார். ரோசினா முதலிய பாத்திரங்களால் பெயர்பெற்ற ஸ்பானியப் பாடகி இதால்கோ. பெல் காண்டோ என்னும் பழைய இத்தாலியப் பாணியில் தேர்ந்தவர். கனத்த குரல் எதற்காக வேகச் சங்கதிகளைப் பயில வேண்டும் என்று அக்காலம் கேட்டிருக்கும், இதால்கோ கேட்கவில்லை. பாரமான குரலையும் சிறுகுரலைப்போல் ஓடவிட்டுப் பழக்கினார். மரியாவோ தம் பாடம் முடிந்ததும் வீடு திரும்புவதில்லை. காலையில் வந்தவர் மாலைவரை அமர்ந்து ஏனைய மாணவர் பாடங்களையும் கேட்டிருப்பார். மென்குரலார் பாடும் பகுதிகளும் காது வழியே அவருக்குள் இறங்கின. நம்மவர் கேள்வி ஞானம் என்பது இதைத்தான். கடுமையான கிட்டப்பார்வையும் ஒருவகையில் ஆசானாயிற்று. மேடையில் நடத்துநரின் கோல் தெரியாது. ஆகவே தம் பகுதியை மட்டுமன்றி நாடகம் முழுவதையுமே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

1941 தொடக்கத்தில் சுப்பேயின் 'பொக்காச்சியோ'வில் சிறு வேடம். சில திங்களில் ஜெர்மானியப் படை ஏதென்ஸில் நுழைந்தது. அவ்வாண்டுக் குளிர்காலப் பஞ்சத்தில் மக்கள் தெருவில் விழுந்து மாண்டனர். அடுத்த கோடையில், 18 வயதில், 'தோஸ்கா'வின் தலைமைப் பாத்திரம். 1944இல் ஹெரோதஸ் அத்திக்கஸ் பண்டைத் திறந்தவெளி அரங்கில் பேதோவனின் 'பிதேலியோ'. சிறைப்பட்ட கணவனை மீட்கும் மனைவியின் கதையை ஆக்கிரமிப்பாளரும் அமர்ந்து கேட்டனர். படைவீரர்முன் பாடினார் என்ற பழி பின்னர் அவரைத் தொடர்ந்தது. அதனை அறவே தள்ளிவிடவும் இயலாது. பசித்த நகரில் பாட்டு ஊதியத்திற்குரிய தொழில் என்பதை மறந்து தீர்ப்பு எழுதவும் இயலாது.

1945இல் அமெரிக்கா திரும்பியவருக்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் மேடை வாய்க்கவில்லை. சிகாகோவில் பாடவிருந்த குழு திரைதூக்கும் முன்பே நொடித்துப் போயிற்று. முன்னாள் பாடகர் ஜொவான்னி செனதெல்லோ அவர் குரலைக் கேட்டு வெரோனாவுக்குத் தேர்ந்தெடுத்தார். 1947 ஆகஸ்டு 2ஆம் நாள் அங்கு 'லா ஜியோகொந்தா' பாடியபோது இசை நடத்தியவர் துல்லியோ செரபின். வெனிஸில் எல்விரா பாத்திரத்தை அவரிடம் துணிந்து ஒப்படைத்தவரும் செரபினே. ஏதென்ஸ் வகுப்பறை கேட்டிராத ஒன்றை அவர் கோரவில்லை.

1951 டிசம்பர் 7ஆம் நாள் மிலானின் லா ஸ்காலா அரங்கு தன் பருவத்தை மரியா காலஸின் குரலோடு தொடங்கியது. மாணவி 1977இல் மறைந்தார். இதால்கோ 1980 வரை இருந்தார்.