அலமாரியில் எந்த மார்க்? கொழும்புச் சிறு ஹாட்வெயார்க் கடைகளும் மின்கருவித் தெரிவும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள சிறு ஹாட்வெயார்க் கடையொன்று மகிட்டாவை வைப்பதா, டோட்டலை வைப்பதா என்பதை வாடிக்கையாளரின் விருப்பமே தீர்மானிக்கிறது என்று சந்தைப்படுத்தல் பாடநூல்கள் சொல்லும். அதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பவர்கள் கடைக்கு வெளியே இருக்கும் இருவர் என்பது இக்கட்டுரையின் வாதம்: கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி ஒருவர், பழுதான கருவியைத் திருத்துபவர் மற்றவர்.

சிறு கடைக்கு முதல் குறைவு. பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கத்து மொத்தக் கடைகளில் பின்திகதியிட்ட காசோலை கொடுத்துச் சரக்கு எடுப்பதே வழக்கம். காசோலை வங்கிக்குப் போகும் நாளுக்குள் சரக்கு விற்றாக வேண்டும். ஆகவே இலாபம் கூடிய கருவியைவிட வேகமாகக் கைமாறும் கருவியே முதலாளிக்குப் பாதுகாப்பு. 4 அங்குலக் கிரைண்டர் இல்லாத கடை அரிது. கொங்கிறீற் உடைக்கும் பெரிய ஹமரை வைத்திருக்கும் சிறு கடை அதைவிட அரிது. இதில் கொட்டாஞ்சேனைக்கு ஒரு வசதி உண்டு. மொத்தச் சந்தை கிட்ட இருப்பதால், கேட்ட மார்க் இல்லையென்றால் ஒரு பையனை அனுப்பி எடுப்பிக்கலாம். காலி வீதி நெரிசலைத் தாண்டி வெள்ளவத்தைக்கு அப்படி எடுப்பிக்க முடியாது. அங்கே அலமாரியில் இருப்பதைத்தான் விற்கலாம். தவறான தெரிவின் செலவும் அங்கேதான் அதிகம்.

இந்தக் கடன் வழக்கமும் 2022இல் ஆட்டம் கண்டது. மார்ச் 7இல் மத்திய வங்கி நாணயமாற்று வீதத்தின் மீதான பிடியைத் தளர்த்தியது. சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஏப்ரல் 8இல் கொள்கை வட்டி வீதங்கள் ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தன. ஒரு ட்ரில்லை விற்ற காசில் அடுத்த ட்ரில்லை வாங்க முடியாதபோது எந்த மொத்த வியாபாரிதான் கடன் கொடுப்பார்? டோட்டல், இங்கோ போன்ற சீன மார்க்குகள் பரவியதற்கு இந்த நெருக்கடியையும் மலிவு விலையையும் மட்டும் காரணம் காட்டுவது பாதி விளக்கம்தான். திருப்புளி முதல் கிரைண்டர் வரை ஒரே மார்க்கில் அவை வருகின்றன. ஒரே கணக்கில் முழு அலமாரியும் நிரம்பிவிடும்.

அடுத்தவர் திருத்துநர். கம்பி இணைப்புள்ள கருவியில் தேய்வது காபன் பிரஷ், கருகுவது ஆமேச்சர். காபனின் விலை அற்பம், ஆனால் அது கிடைக்காவிட்டால் கருவியே வீண். அதனால்தான் மேசன்மார் விலைக்கு அடுத்தபடியாக “சாமான் கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள். உத்தரவாதச் சீட்டு அவர்களுக்குப் பெரிய ஆறுதல் அல்ல. கருவி இரண்டு கிழமை சேவை நிலையத்தில் கிடந்தால் அந்த நாட்கூலி திரும்பி வராது. இலவசத் திருத்தத்தைவிட உடன் திருத்தம் பெறுமதியானது. மகிட்டா, பொஷ் ஆகியவற்றின் பழைய மாதிரிகளுக்குப் போலி உதிரிப்பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. போலி அசலைக் கெடுக்கும் என்போம். இங்கே அது அசல் கருவியின் ஆயுளை நீட்டி அதன் பெயரைக் காப்பாற்றுகிறது. தரத்தை அறிய முடியாத சந்தையில் மட்டமான பொருள் நல்ல பொருளை வெளியேற்றும் என்று பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் வாதிட்டார். கொழும்பில் அந்த அறியாமையின் பெரும்பகுதியைத் திருத்துநரின் வாய்ச்சொல் நீக்குகிறது. அந்த வாய்ச்சொல் மார்க்கின் பெயரோடு ஒட்டியது; 2018இல் ஹிட்டாச்சி மின்கருவிகள் ஹைகோக்கி என்று பெயர் மாறின. அதே பரம்பரைக் கருவிதான் என்று வாங்குபவருக்கு விளங்கப்படுத்தும் வேலை கடைக்காரர் தலையில் விழுந்தது. அதற்கு யாரும் அவருக்குக் கழிவு கொடுப்பதில்லை.

இந்த ஒழுங்கைப் பற்றரிக் கருவிகள் குலைக்கின்றன. பொஷ் 1975இல் கொண்டுவந்த எஸ்.டி.எஸ். பிடியுள்ள துளையூசி இன்று பல மார்க்குகளிலும் பொருந்தும். 4 அங்குல டிஸ்க்கும் அப்படியே. ஆகவே கடைக்காரர் மார்க்குகளைக் கலந்து வைக்கலாம். மகிட்டாவின் 18 வோல்ற் பற்றரியோ பொஷ் கருவியில் ஏறாது. ஒரு மார்க்கைத் தொட்டால் அதன் பற்றரி, சார்ஜர், வெற்றுக் கருவிகள் எல்லாவற்றிலும் முதலை முடக்க வேண்டும். காபனே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் திருத்துநருக்கும் வேலை குறைவு; மின்சுற்றுப் பலகை போனால் மாற்றத்தான் வேண்டும். மொத்த வியாபாரி, திருத்துநர் இருவரின் செல்வாக்கும் குறையும் இடத்தில் மார்க்கின் முகவர் நிறுவனத்தின் செல்வாக்கு ஏறுகிறது. பற்றரியையும் சார்ஜரையும் விற்றபின் பணம் என்ற நிபந்தனையில் முகவர்கள் கொடுக்காதவரை, வெள்ளவத்தைச் சிறு கடை கம்பி இணைப்புள்ள கருவிகளோடு நின்றுகொள்வதே சரியான வணிக முடிவு.