வெண்டைக்கு வந்த மஞ்சள் நோய்

மலாய்க்காரர் பெண்டி என்றும் வடநாட்டார் பிண்டி என்றும் வழங்கும் வெண்டைக்காய் ஏழையின் கறி. கொல்லையில் பத்துச் செடி நின்றால் ஒரு குடும்பத்தின் குழம்புக்குப் போதும். இவ்வெளிய செடியைக் காக்க இந்திய ஆராய்ச்சியாளர் பட்ட பாடு கொஞ்சமன்று.

மஞ்சள் நரம்புத் தேமல் நோய் 1924இல் பம்பாய்ப் பகுதியில் முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. இலை நரம்புகள் மஞ்சள் வலைபோலத் தெரியும். பின்னர் இலை முழுதும் வெளுக்கும். காயும் வெளிறிச் சிறுத்து விலைபோகாது. முளைத்த 20 நாளுக்குள் நோய் கண்டால், விளைச்சலில் நூற்றுக்கு 90க்கு மேல் அழிந்துவிடும். நோயைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது வெள்ளை ஈ. வைரஸ் புகுந்த செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. ஈயைக் கொல்ல மருந்தடிக்கலாமே என்றால், அதற்குக் காசு வேண்டாமா? கையகல நிலம் உடையவன் எங்கே போவான்? நோயைத் தாங்கும் ஆற்றல் விதையிலேயே இருந்தாலன்றி அவனுக்கு உய்வில்லை.

டில்லி வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் ஹர்பஜன் சிங்கும் அவருடன் உழைத்தோரும் இவ்வழியில் இறங்கினர். மேற்கு வங்காள வெண்டை ஒன்று நோய்க்கு ஈடுகொடுத்தது. அதனை, நல்ல காய் தந்தும் நோய்க்கு எளிதில் இரையான ‘பூசா மக்மலி’யுடன் கலந்து ‘பூசா சவானி’யை உருவாக்கினர், அதன் விவரம் 1962இல் வெளிவந்தது. சாவன் என்பது வடநாட்டு மழை மாதம். மழைக்கால விதைப்புக்கு உரியது என்பதைப் பெயரே சொல்லும். விந்தை யாதெனில், அச்செடி வைரஸை அடியோடு தடுக்கவில்லை. உள்ளே புகவிட்டும் வெளிக்குறி காட்டாமல் காய்த்தது. உழவன் தன் விதையைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளவும் முடிந்தது. விளைச்சலைவிட இதையே பெரிய நன்மையென்பேன்.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஆற்றல் தளர்ந்தது. சவானியும் மஞ்சளாயிற்று. வீட்டு வெண்டையில் மாற்று அரிதாகவே, அதன் உறவான வேற்றினச் செடிகளை நாடினர். மகாராஷ்டிரத்துப் பர்பானியில் அத்தகைய ஒன்றைச் சவானியுடன் சேர்த்தனர். முதற்கலப்பில் பிறந்தவை விதை பிடிக்கத் தடுமாறின. திரும்பத் திரும்பச் சவானியுடனேயே கலந்து, பொறுக்கி, 1980களில் ‘பர்பானி கிராந்தி’யைக் கண்டனர். பெங்களூரிலும் இவ்வாறே ‘ஆர்கா அனாமிகா’ பிறந்தது.

கிராந்தி என்றால் புரட்சி. அந்தப் புரட்சியும் பின்னாளில் பல வயல்களில் மஞ்சள் பூத்தது. ஆராய்ச்சியாளர் மீண்டும் காட்டுவெண்டைகளைத் தேடிப் புறப்பட்டனர்.