ஈரக் காற்றும் எங்கள் வீடுகளும்

ஊரில் புதிதாக வீடு கட்டும் புலம்பெயர் அன்பர்கள் அண்மைக் காலமாக என்னிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. அறைக்கு எவ்வளவு பெரிய குளிரூட்டி பூட்டலாம் என்பது ஒன்று. கனடாவில் உள்ளதுபோலச் சுவருக்கு வெப்பக் காப்பு வைக்கலாமா என்பது மற்றொன்று. நான் கட்டடக் கலைஞன் அல்லன், பத்திரிகைக்காரன். ஆயினும் இக்கேள்விகளுக்கு வரலாற்றில் விடை இருப்பதால் இதனை எழுதுகிறேன்.

இன்று நாம் அறியும் குளிரூட்டி மனிதருக்காகப் பிறந்ததன்று. அச்சுக் காகிதத்திற்காகப் பிறந்தது. 1902ஆம் ஆண்டு கோடையில், நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் இருந்த வர்ண அச்சகம் ஒன்று பெரும் தொல்லைக்கு உள்ளாகியிருந்தது. காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரிவதும், உலர்ந்து சுருங்குவதுமாக இருந்ததால், ஒரே தாளில் அடுத்தடுத்துப் பதியும் வர்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 25 வயதுப் பொறியியலாளரான வில்லிஸ் கரியர் அதற்குத் தீர்வு கண்டார். குளிர்ந்த குழாய்ச் சுருள்கள் மீது காற்றைச் செலுத்தினால், அதிலுள்ள நீராவி நீராக ஒடுங்கி வடிந்துவிடும் என்பதே அவரது திட்டத்தின் அடிப்படை. மாரி காலத்தில் அச்சகத்தில் காகிதம் படுத்தும் பாட்டை அறிந்தவர்களுக்கு இக்கதை வியப்பளிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை அகற்றுவதே குளிரூட்டிக்கு இடப்பட்ட முதற் பணி என்பதை மட்டும் மனத்திற் கொள்வோம்.

எங்கள் நாட்டிலும் உண்மையான தொல்லை ஈரமே. கொழும்பில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது. இதனிலும் கொடிய வெயில் வட இந்தியாவில் உண்டு. ஆனால் இங்கே காற்றின் ஈரப்பதன் பகலில் 70 வீதத்தையும் இரவில் 90 வீதத்தையும் ஒட்டி இருப்பதால், உடலின் வியர்வை ஆவியாவதில்லை. வட இந்தியாவின் வரண்ட கோடையில் வாசலில் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டு நீர் தெளித்தால், உட்புகும் காற்று குளிர்ந்துவிடும். வெட்டிவேர் என்னும் பெயர் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றதாயினும், அந்தத் தட்டியால் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பெரும் பயன் இல்லை. ஏற்கெனவே ஈரமான காற்றில் மேலும் ஈரத்தைச் சேர்ப்பதாகவே அது முடியும்.

எனவே எங்கள் முன்னோருக்கு எஞ்சிய வழிகள் இரண்டே. ஒன்று வெயில் சுவரில் படாமற் காப்பது. மற்றொன்று காற்றை ஓடவிடுவது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு இவ்விரண்டையும் செய்தது. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், வெளியே திண்ணை. தாழ இறங்கிய கூரை சுவருக்கு நிழலும் மழைக்குக் காப்புமாயிற்று. கிடுகும் பனையோலையும் தம்முள் காற்றை அடக்கிவைத்திருப்பவை ஆதலால், அவை சிறந்த வெப்பக் காப்புகளாயின. ஆனால் அடிக்கடி வேயும் செலவும், தீப்பற்றும் அச்சமும் அவற்றோடு கூடவே இருந்தன.

1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரும், தமது நாட்டுக் குளிருக்கேற்ற வீட்டை இங்கே அப்படியே கட்டிவிடவில்லை. தடித்த சுவர், உயர்ந்த கூரை, அகன்ற விறாந்தை என மாற்றிக்கொண்டனர். 1865இல் பாசல் மிஷனரிமார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதையடுத்து மலையாளக் கரையெங்கும் பரவிய தட்டை ஓடு, கள்ளிக்கோட்டை ஓடு என்ற பெயரில் இலங்கைக்கும் வந்தது. சூடான காற்று ஓட்டின் இடுக்குகளால் மேலே வெளியேறியது. ஓட்டு வீடு செல்வத்தின் அடையாளமாயிருந்தது உண்மைதான். ஆனால் அது ஓலை வீட்டின் நல்ல குணத்தையும் ஓரளவு காத்துக்கொண்டது.

மலையகத்தின் கதை வேறு. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் அமைந்துள்ள நுவரெலியாவில், ஈரத்தோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலேயத் துரைமார் தமது பங்களாக்களில் புகைபோக்கியுடன் கணப்படுப்பு அமைத்துக்கொண்டனர். தேயிலை பறித்த எம்மக்களுக்குக் கிடைத்ததோ தகரக் கூரை வேய்ந்த லயன் காம்பரா. பகலில் காய்ந்த தகரம் இரவில் சட்டெனக் குளிர்ந்துவிடும். சுவாசத்தின் ஈரமும் அடுப்பின் ஆவியும் அதில் ஒடுங்கித் துளியாய்ச் சொட்டும். போதிய புகைபோக்கி இல்லாததால், குளிர்காய்ந்த அதே நெருப்பின் புகை நெஞ்சிலும் இறங்கியது. ஒரே தோட்டத்தில், ஒரே குளிரில், வீடு எப்படி இருக்கவேண்டும் என்ற அறிவு இருந்தும், அது யாருக்கு வழங்கப்பட்டது என்பதை இந்த இரு கூரைகளும் காட்டுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அஸ்பெஸ்டஸ் தகடும் சீமெந்துத் தட்டைக் கூரையும் பரவின. பகல் முழுதும் வெயிலை உறிஞ்சிய கொங்கிறீற், நாம் உறங்கும் வேளையில் அவ்வெப்பத்தை அறைக்குள் இறக்கியது. அக்காலத்திலேயே இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003) நெளிதகட்டின் மீது பழைய அரைவட்ட ஓடுகளைப் பரப்பும் முறையைக் கையாண்டார். தகடு மழையைத் தடுத்தது. ஓடு வெயிலைத் தடுத்தது. 1960களின் தொடக்கத்தில் எனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் அவர் கட்டிய வீடு, நடு முற்றத்தை நகரத்துக்குள் மீண்டும் கொண்டுவந்தது. அஸ்பெஸ்டஸ் நாரினால் நுரையீரலுக்கு விளையும் தீங்கை நாம் இன்று அறிவோம். எனவே அந்தத் தகட்டை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. கூரைக்கு மேலே ஒரு நிழற் கூரை என்னும் கருத்தே பின்பற்றத் தக்கது.

இனி, வெப்பக் காப்பு. ரொறன்ரோவின் பனிக்காலத்தில் ஈரம் வீட்டின் உள்ளிருந்து வெளியே செல்ல முயல்கிறது. வழியில் சுவரின் குளிர்ந்த பகுதியில் அது நீராகிவிடாதிருக்க, சுவரின் உட்புறத்தில் பொலித்தீன் தாள் வைக்கிறார்கள். எங்கள் ஊரில் குளிரூட்டி பூட்டிய அறைக்கு நிலைமை தலைகீழானது. ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது, குளிர்ந்திருப்பது உட்சுவர். அங்கே பொலித்தீன் தாளை வைத்தால் அதன் பின்னே நீர் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அமெரிக்காவின் புளோரிடா போன்ற தென்கிழக்குப் பகுதிகளில் உட்சுவரில் வினைல் தாள் ஒட்டிய விடுதிகள் பல, இப்படித்தான் பூஞ்சணம் பிடித்துப் பெரும் செலவுக்கு உள்ளாயின. குளிர்நாட்டில் நன்கு உழைத்த ஒரு முறை, இங்கே சுவரையே கெடுத்துவிடும்.

குளிரூட்டியும் பெரிதாக இருந்தால் நல்லது என்பதில்லை. அளவுக்கு மீறிய குளிரூட்டி அறையைச் சில நிமிடங்களிலேயே குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை அகற்ற அதற்கு நேரம் இராது. அறை குளிர்ந்தும் நசநசத்தும் கிடக்கும். அலுமாரியில் உள்ள புத்தகம் பூக்கும். அளவான குளிரூட்டி மெதுவாக நீண்டநேரம் ஓடுவதே ஈரத்தை வெளியேற்றும்.

என்னைக் கேட்கும் அன்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும். காலை மாலை வெயில் தாக்கும் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு விறாந்தையோ மரமோ நிழல் தரட்டும். வெப்பக் காப்புக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் கூரைக்குச் செலவிடுங்கள். ஓட்டின் கீழே சற்றுக் காற்றிடை விட்டு, ஒளிதெறிக்கும் அலுமினியத் தாளை விரித்தால் பெரும்பகுதி வெப்பம் அங்கேயே தடைப்படும். யன்னல்கள் எதிரெதிரே திறக்கட்டும். முதியவருக்கோ நோயாளிக்கோ குளிரூட்டி தேவையெனில், ஓர் அறையை மட்டும் இடுக்கின்றி அடைத்து, அதற்கு அளவான ஒன்றைப் பூட்டுங்கள். பாதி திறந்த வீட்டில் குளிரூட்டியை ஓடவிட்டால், வெளிக்காற்றின் ஈரத்தையெல்லாம் காசு கொடுத்துப் பிழிந்துகொண்டிருக்க வேண்டியதாகும்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதத்தால் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தால் உயர்ந்தது. அந்நாட்களில் திறக்கத் தக்க யன்னல் இல்லாத புதுவீட்டார் இரவில் வெளியே வந்து படுத்தனர். பழைய ஓட்டு வீட்டிலிருந்த அயலவர்கள் தத்தம் விறாந்தையிலேயே உறங்கினர். ஊர் வீட்டுக்கு வரைபடம் வரையும் பிள்ளைகள், மின்சாரம் இல்லாத ஓர் இரவில் தம் தாய் தந்தையர் அந்த வீட்டில் எங்கே படுப்பார்கள் என்று எண்ணிப் பார்த்த பின்னர் அதற்கு ஒப்பமிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.