செம்மண்ணில் வெள்ளைச் சட்டை

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அதிபர்களின் சேவை, கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் பற்றி எழுதப் பலர் இருப்பார்கள். ஆகவே ஒருவரும் எடுக்காத ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்: நாங்கள் எதை உடுத்திப் பள்ளிக்கூடம் போனோம், காலில் என்ன போட்டோம் என்பதே அது. கேட்பதற்குச் சின்ன விடயம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் யார் எதை உடுத்தலாம் என்பது ஒரு காலத்தில் அடிதடி வரைக்கும் போன விடயம். சப்பாத்து இல்லை என்பதற்காக வகுப்புக்கு வராமல் நிற்கும் பிள்ளை இன்றும் இருக்கிறாள்.

வடக்கில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதை, 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் ஆரம்பித்த விடுதிப் பாடசாலையிலிருந்து தொடங்குகிறது. வேம்படி 1834இலும், சுண்டிக்குளி 1896இலும், இராமநாதன் கல்லூரி 1913இலும், யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி 1943இலும் வந்தன. உடுவிலின் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு உணவையும் உடுப்பையும் மிஷனே கொடுத்தது. பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பும் வழக்கம் இல்லாத ஊரில் பெற்றோரைச் சம்மதிக்க வைக்க அதுவும் ஒரு வழி. வாசிப்பு, வேதாகமம் ஆகியவற்றோடு தையலும் பாடமாக இருந்தது. எமது பாட்டிமாரில் பலர் பேனையும் ஊசியும் பிடித்துப் பழகியது ஒரே கூரையின் கீழ்தான்.

அக்காலத்தில் இன்று நாம் சொல்லும் சீருடை இருக்கவில்லை. சிறு பிள்ளைகள் பாவாடையும் சட்டையும், பெரியபிள்ளையானவர்கள் தாவணியும், ஆசிரியைகள் சேலையும் உடுத்தினார்கள். மிஷன் பள்ளிக்கூடங்களில் நீண்ட கை வைத்த, கழுத்து மூடிய மேற்சட்டை வந்து சேர்ந்தது. காலில் ஒன்றும் இல்லை. செருப்பு வசதியானவர்களின் பொருள். அதையும் வாசலில் கழற்றிவிட்டே உள்ளே வருவார்கள். 1917இல் இலங்கைக்குப் பெண் சாரணியம் வந்து, பின்னர் பள்ளிக்கூடங்களில் பரவியபோதுதான் இடுப்புப்பட்டி, சப்பாத்து, மேஸ் என்பவை 'ஒழுங்கான' உடுப்பின் பகுதியாகப் பிள்ளைகளின் மனதில் பதியத் தொடங்கின.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. மலர்களில் இதை யாரும் எழுதுவதில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள் மேற்சட்டை போடுவதையும் நகை அணிவதையும், ஆண்கள் இடுப்புக்கு மேல் சால்வை போடுவதையும் செருப்போடு நடப்பதையும் எமது ஊர்கள் தடுத்து வைத்திருந்தன. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக வாங்கில் இருத்த வேண்டும் என்று 1929இல் கல்வித் திணைக்களம் பணித்தபோது அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. அதற்குக் கீழ்ப்படிந்த சில பள்ளிக்கூடங்களுக்குத் தீயும் வைத்தார்கள். அந்நாட்களில் வீட்டு உடுப்புகளை எடுத்துச் சென்று, உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, வெள்ளைவெளேரென்று மடித்துக் கொண்டுவந்து தந்தவை சலவைத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த வெண்மையை உண்டாக்கிய வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் நிலத்தில் இருந்தார்கள், அல்லது வகுப்புக்கே வரவில்லை. சீருடை எல்லோரையும் சமமாக்கியது என்று மேடைகளில் சொல்கிறோம். அந்தச் சமத்துவம் துணியோடு சேர்ந்து வந்ததல்ல; வாங்கிலில் இடம் கேட்டுப் போராடியவர்கள் பெற்றுத்தந்தது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் பெரும்பாலான உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பிள்ளைகளின் தொகை பெருகப் பெருக, வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல், ரிபன் என்ற தோற்றம் நாடெங்கும் நிலைத்தது. ஏன் வெள்ளை? சாயம் போகாது, எந்தக் கடையிலும் கிடைக்கும், வெயிலுக்கு ஏற்றது, அக்காவின் சட்டையைத் தங்கைக்குக் கொடுத்தாலும் நிறம் வேறுபடாது. இருந்தாலும் விதவைக்கு வெள்ளைச் சேலை என்று விதித்திருந்த ஒரு சமூகம், தன் பெண்பிள்ளைகள் எல்லோரையும் வெள்ளையில் படிக்க அனுப்பியது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

வலிகாமத்துச் செம்மண்ணில் வெள்ளை உடுத்துவது என்றால் என்ன என்பது சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாரி மழையில் ஒருமுறை சைக்கிள் சில்லு தெறித்தால் முதுகெல்லாம் காவி நிறம். அம்மாமார் கிணற்றடியில் தோய்த்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப்பெட்டியால் மினுக்கினார்கள். ஒரு சாம்பல் துகள் விழுந்தாலும் மறுபடி தோய்க்க வேண்டும். கன்வஸ் சப்பாத்துக்கு வெள்ளைப் பொலிஷ் முடிந்தால் வகுப்பறை வெண்கட்டியைத் தேய்த்துக்கொண்டு காலைக் கூட்டத்துக்கு ஓடாதவர் எம்மில் எத்தனை பேர்? பெரும்பாலான வீடுகளில் இரண்டு சட்டைதான். ஒன்று உடலில், மற்றது கொடியில்.

இனித் தையலுக்கு வருகிறேன். மனையியல் கற்பித்தவள் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பேச வரும். ஒரே துணி, ஒரே வெட்டு என்றாலும் ஒரு சட்டை ஒரு பிள்ளையில் அழகாக விழும், மற்றவளில் சாக்குப்போல் தொங்கும். காரணம் தோளும் கைக்குழியும். தோள்தையல் தோள் எலும்பின் நுனியில் நிற்க வேண்டும். அதற்கு வெளியே சரிந்தால் பிள்ளை கூனினது போலத் தெரிவாள். கைக்குழி ஆழமாக வெட்டினால் வசதியாக இருக்கும் என்று நினைப்பது பிழை. ஆழமான கைக்குழியில் கையைத் தூக்கும்போது முழுச் சட்டையுமே மேலே வரும். அளவாக, அக்குளுக்குக் கிட்ட வெட்டினால் கை மட்டும் அசையும். மெலிந்த பிள்ளைக்கு இடுப்பில் சுருக்கு அழகு. பருத்த பிள்ளைக்குச் சுருக்கை விட்டு, மடிப்புகளை அரை வரைக்கும் தைத்துவிட வேண்டும்.

வளரும் பிள்ளைக்குத் தைக்கும் அம்மாமார் பொருத்தத்தைவிட வருங்காலத்தையே அளந்தார்கள். கீழ் மடிப்பில் மூன்று நான்கு அங்குலம், பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைப்பது வழக்கம். ஒவ்வொரு ஆண்டும் மடிப்பை இறக்கும்போது பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடுகளை எண்ணியே ஒருத்தி எந்த வகுப்பில் தைத்த சட்டை போட்டிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். சப்பாத்தும் அப்படியே. ஓர் அளவு பெரிதாக வாங்கி முன்னுக்குப் பஞ்சு வைப்போம். பஞ்சு எடுக்கும் காலம் வருமுன் அடி தேய்ந்துவிடும்.

நாகரிகமும் எட்டிப் பார்க்காமல் விடவில்லை. அறுபதுகளின் இறுதியில் 'மினி' உலகைச் சுற்றி வந்தபோது எமது சட்டைகளும் முழங்காலுக்கு மேலே ஏறின. முழங்காலில் நிற்க வைத்து, கீழ் விளிம்பு நிலத்தில் படுகிறதா என்று பார்த்த ஆசிரியைமாரைப் பல பள்ளிக்கூடங்களின் பழைய மாணவிகள் நினைவு வைத்திருக்கிறார்கள். இடுப்புப்பட்டிக்குள் சட்டையை இழுத்துவிட்டுக் கட்டையாக்குவதும், வாசலில் ஆசிரியையைக் கண்டவுடன் இறக்கிவிடுவதும் ஒரு கலை. பிறகு 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. சலுசலவிலும் கூட்டுறவுக் கடையிலும் வரிசையில் நின்று துணி வாங்கிய காலம். மருதமுனைக் கைத்தறிக்கு நல்ல காலம் பிறந்ததும் அப்போதுதான். கட்டையான சட்டைக்கு நாகரிகம் காரணமா, துணித் தட்டுப்பாடு காரணமா என்று அந்நாட்களில் ஒரு அதிபராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. 1977இல் இறக்குமதி திறந்தபின் பொலியெஸ்ரர் கலந்த துணி தாராளமாக வந்தது. கசங்காது, விரைவில் காயும். அம்மாமாருக்கு அது பெரிய விடுதலை; வியர்வை உறிஞ்சாத அந்தத் துணிக்குள் பங்குனி வெயிலில் இருந்தவர்கள் பிள்ளைகள்.

1990க்குப் பின்னான ஆண்டுகள் எம்மில் பலருக்கு மிகக் கிட்டத்தில் நிற்கின்றன. அந்த ஆண்டு ஒக்டோபரில் எமது முஸ்லிம் தோழியர் உடுத்த உடுப்போடு வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய வாங்கில்கள் வெறுமையாயின. பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் எட்டாத விலைக்குப் போனபோது, பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். அதிலுள்ள சப்போனின் என்ற பொருள் நன்றாக நுரைக்கும், அழுக்கும் போகும். ஆனால் வாசம் போகாது. கொடியில் காய்ந்த சட்டையை மாடு வந்து சப்பிய கதை ஊருக்கு ஊர் உண்டு. எரிபொருள் இல்லாததால் எல்லோரும் சைக்கிள். அகலமான மடிப்புச் சட்டைதான் மிதிப்பதற்கு வசதி. ஒடுங்கிய வெட்டுகள் அக்காலத்தில் தாமாகவே மறைந்தன. கால்களுக்கு ரயர்ச் செருப்பு வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, பைக்குள் புத்தகத்தோடு ஒரு வெள்ளைச் சட்டையை வைத்துக்கொண்டு நடந்த பிள்ளைகள் ஏராளம். வேறொரு பள்ளிக்கூடத்தின் மாலை நேரப் பிரிவில், வேறு வேறு கழுத்துப்பட்டிகளோடு ஒரே வாங்கிலில் இருந்து அவர்கள் படித்தார்கள்.

வெள்ளைச் சட்டை சோதனைச் சாவடியில் ஒரு பாதுகாப்பு என்று பெற்றோர் நம்பினார்கள். 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சீருடையோடு சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு மாணவி செம்மணிப் பாதையில் மறிக்கப்பட்டாள்; கொல்லப்பட்டாள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

1993 முதல் அரசு ஆண்டுதோறும் சீருடைத் துணியை இலவசமாக வழங்குகிறது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீனாவின் நன்கொடை. துணி வந்துவிடுகிறது, தையற்கூலியும் சப்பாத்தும்தான் பல வீடுகளில் நெருக்குகின்றன. கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்குச் சப்பாத்து வவுச்சர் உண்டு. பட்டியலில் வராத பாடசாலைகளிலும் கஷ்டப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு ஒரு சோடிச் சப்பாத்து வாங்குவது நாட்கூலிக் குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டது.

கனடா, இலண்டன், அவுஸ்திரேலியா என்று எங்கெங்கோ இருக்கும் எமது கிளைகள் இதை அறிந்து உதவுகின்றன. அதில் ஓர் ஆலோசனை சொல்ல விரும்புகிறேன். சப்பாத்துகளைக் குத்துமதிப்பான அளவுகளில் மொத்தமாக வாங்கி அனுப்ப வேண்டாம். அளவு பொருந்தாத சப்பாத்து அலுமாரிக்குள் கிடக்கும், அல்லது பிள்ளையின் பெருவிரல் நகத்தைக் கெடுக்கும். முதலில் வகுப்பாசிரியை மூலம் ஒவ்வொரு பிள்ளையின் இரண்டு பாதங்களையும் கடதாசியில் சுற்றி வரைந்து எடுங்கள். பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். இருந்தபடி வரைந்தால் பாதம் சிறிதாக வரும். பாடசாலை விடும் நேரத்தில் வரைவது நல்லது, நடந்து திரிந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். இரண்டில் பெரிய பாதத்தை எடுத்து, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் விட்டு அளவைக் கணக்கிடுங்கள். பஞ்சு வைக்கும் அளவுக்குப் பெரிதாக வேண்டாம்; இன்னொரு சோடியை அடுத்த ஆண்டு கொடுப்போம். பெயர்களைக் கூட்டத்தில் வாசித்து மேடையில் கொடுக்காமல், பொதியை வகுப்பாசிரியையிடம் கொடுத்துவிடுங்கள்.

நூற்றாண்டு விழாவுக்கு வரும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. சேலைச் சட்டை தைக்கப் பழைய அளவுச் சட்டையை ஊருக்கு அனுப்பாதீர்கள். அது இருபது வருடத்துக்கு முந்திய உங்களுடைய அளவு. அளவு நாடாவை எடுத்து, உள்ளே எதை அணியப் போகிறீர்களோ அதை அணிந்துகொண்டு புதிதாக அளந்து அனுப்புங்கள். உள்பாவாடையின் நீளத்தை அன்றைக்குப் போடப்போகும் சப்பாத்தோடு நின்று பாருங்கள். விழா மண்டபத்தில் நீண்ட நேரம் நிற்க வேண்டிவரும். புதிய சப்பாத்தை ஒரு கிழமைக்கு முன்பே வீட்டில் போட்டு நடந்து பழகிக்கொள்ளுங்கள். கால் வரைந்த கடதாசிகளை நவம்பர் மாத முடிவுக்குள் சங்கச் செயலாளரிடம் சேர்த்தால், ஜனவரித் தவணைக்கு முன் சப்பாத்து வாங்கிவிடலாம்.