தலை தேய்ந்த போல்ட்

மலையகத்தில் சின்னத்துரைமார் ஓட்டிய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. அதற்கான பொதுத் திருகளவை 1841இல் விட்வொர்த் முன்மொழிந்தார். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர, மில்லிமீற்றர் போல்ட்டுகளுடன் ஜப்பானிய வண்டிகள் பெருகின. நான் கண்ட ஹட்டன் கராஜ்களிலோ பழைய சாவிகளும் நீடித்தன. வாய் அகலம் அரை அங்குலமான சாவி என்றால் அது 12.7 மில்லிமீற்றர், 12 மில்லிமீற்றர் தலையில் அது வழுக்கி மூலைகளை மழுக்கிவிடும். மலைமழை துருவையும் சேர்க்கும்.

பாஸ்மார் எண்ணெய் விட்டு ஊறவைப்பர். அரத்தால் இருபுறமும் தட்டையாக்கிச் சிறிய சாவியைத் தட்டி இறுக்குவர். அசையாவிடில் விளிம்பில் உளி வைத்து இடப்புறமாகத் தட்டுவர். தோட்டங்கள் கைமாறிய ஆண்டுகள் ஏடுகளில் உள்ளன. அம்மாற்றத்தின் அளவுப் பிசகைத் தம் கைகளால் சரிசெய்தோரின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.