எலும்பின் மேல் எழுதிய இசை

சமீபத்தில் என்ன கேட்டாய் என்று இசை ரசிகர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வது வெறும் குசல விசாரிப்பாகத் தோன்றும். பதிலுக்கு ஓர் ஆல்பத்தின் பெயர், கூடவே இரண்டு விசேஷணங்கள், அத்தோடு முடிந்தது. கவிதையும் விமர்சனமும் வரும் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். ஆனால் இதே கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் இரவின் உழைப்பும் கொஞ்சம் துணிச்சலும் தேவைப்பட்ட நகரம் ஒன்று இருந்தது. லெனின்கிராட். அந்த நகரத்து ரசிகர்களின் நாற்பது வருஷ சரித்திரத்தைப் படித்தபோது, ரசனை கைமாறும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெளிவாயிற்று. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை ஜெர்மானிய முற்றுகையில் பட்டினி கிடந்த நகரம் அது. பசியிலிருந்து மீண்ட நகரத்துக்கு 1946 ஆகஸ்டில் வேறொரு பட்டினி விதிக்கப்பட்டது. 'ஸ்வெஸ்தா', 'லெனின்கிராட்' என்ற இரண்டு பத்திரிகைகளைக் கண்டித்துக் கட்சியின் தீர்மானம் வந்தது. இரண்டாவது பத்திரிகை மூடப்பட்டது. அக்மதோவாவும் ஸோஷ்சென்கோவும் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். 1948-ல் இசையின் முறை. ஷோஸ்டகோவிச்சும் புரோகோஃபியேவும் கண்டனத்துக்கு ஆளானார்கள். ஜாஸ் சந்தேகத்துக்குரிய வஸ்துவாயிற்று. புக்கரெஸ்ட்டில் பாடிக்கொண்டிருந்த பியோதர் லெஷ்சென்கோ சோவியத் கடைகளில் கிடைக்கமாட்டார். போருக்கு முன் வீட்டுக்கு வீடு ஒலித்த வாதிம் கோஸின் கோலிமா முகாமில் இருந்தார். அவர்கள் பாட்டு மட்டும் ஜனங்களின் காதில் மிச்சம் இருந்தது.

நேவ்ஸ்கி சாலையில் அப்போது ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கடை இருந்தது. ஸ்தானிஸ்லாவ் ஃபிலோன் என்பவர் நடத்தியது. போரில் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்த டெலிஃபங்கன் இயந்திரத்தில், வாடிக்கையாளர் பேசும் வாழ்த்தைத் தட்டில் பதிவு செய்து கொடுப்பது சட்டப்படியான தொழில். கடை சாத்திய பிறகு அதே இயந்திரத்தில் வேறு காரியம் நடந்தது. அதைப் பார்த்துப் பழகிய ருஸ்லான் போகோஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர் தானே ஓர் இயந்திரத்தைச் செய்துகொண்டார். போரிஸ் தாய்கினும் அவரும் சேர்ந்து தங்கள் ரகசியத் தயாரிப்புக்கு வைத்துக்கொண்ட பெயர் 'தங்க நாய்'. ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் முத்திரையில் குழாய்க்கு முன் உட்கார்ந்திருக்கும் நாயை அறிந்தவர்களுக்கு இந்தக் கேலி புரியும்.

இசைத்தட்டுக்கு வேண்டிய பிளாஸ்டிக் எங்கே கிடைக்கும்? ஆஸ்பத்திரியில். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்கள் தீப்பிடிக்கும் அபாயம் உள்ளவை; அவை தொலைந்தால் சரி என்றுதான் ஆஸ்பத்திரிக்காரர்களும் இருந்தார்கள். ஃபிலிமைக் கத்தரியால் வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட் நெருப்பால் துளை போட்டு, இயந்திரத்தில் வைத்து ஒரு பக்கம் மட்டும் தடம் வெட்டுவார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று; ஒரு தட்டில் ஒரு பாட்டு. நாலைந்து நாள் விடாமல் போட்டால் ஊசி தடத்தைத் தின்றுவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்பு, முழங்கை, மண்டையோடு. ரசிகர்கள் அவற்றை 'எலும்புகள்' என்றும் 'விலா' என்றும் அழைத்தார்கள்.

இந்தப் படிமம் பலரை மயக்கிவிட்டது. இன்று எலும்புத் தட்டுகள் கண்காட்சிகளில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. சர்வாதிகாரத்தை எதிர்த்து ஜாஸையும் ராக் அண்ட் ரோலையும் கடத்திய வீரர்கள் என்று ஒரு கதை சுலபமாகக் கட்டப்படுகிறது. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். ஜாஸ் இருந்தது, பின்னால் ராக் அண்ட் ரோலும் வந்தது. ஆனால் ஜனங்கள் தேடி வாங்கியவற்றில் பெரும் பகுதி லெஷ்சென்கோவின் டாங்கோக்களும் ஜிப்ஸிப் பாட்டுகளும் சிறைப்பாட்டுகளும்தான். உருகி வழியும் சோகம். தேர்ந்த ரசனைக்காரர்கள் முகம் சுளிக்கக்கூடிய சரக்கு. சொந்த பாஷையில், தன் இளமைக்காலத்துக் குரலில் ஒரு பாட்டு வேண்டும் என்பதற்கு மேல் அதில் சித்தாந்தம் எதுவும் இல்லை. இது வியாபாரமும்கூட. தெருமுனையில் கோட்டுக் கைக்குள்ளிருந்து எடுத்து விற்றார்கள். இரண்டு வரி இசைக்குப் பிறகு ஒரு குரல் வாங்கியவனைத் திட்டுகிற மோசடித் தட்டுகளும் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. இவற்றை மறைத்துவிட்டு எழுதப்படும் வீரக்கதை, எந்த அரசை எதிர்த்ததாகச் சொல்கிறதோ அந்த அரசின் வீரக்கதைகளைப் போலவே ஆகிவிடுகிறது.

ஆனால் தண்டனை நிஜமானது. 1950-ல் போலீஸ் வலை வீசியது. போகோஸ்லோவ்ஸ்கி, தாய்கின் இருவருக்கும் சிறை. ஸ்டாலின் இறந்த 1953-ல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். வந்ததும் திரும்பவும் தடம் வெட்ட உட்கார்ந்தார்கள். போகோஸ்லோவ்ஸ்கி மீண்டும் சிறை சென்றார். 1958-ல் இந்தத் தயாரிப்பைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது.

தாய்கினின் பிற்காலம்தான் என்னை மேலும் யோசிக்க வைத்தது. அவர் கவிஞர். சிறையிலிருந்து வந்தபிறகு, பிரசுரம் கிடைக்காத கவிஞர்களின் தொகுப்புகளைத் தானே டைப் அடித்து, தைத்து, அட்டை போட்டு, 'பே-தா' என்று தன் பெயரெழுத்துகளையே பதிப்பகப் பெயராக்கி வெளியிட்டார். நிகோலாய் ருப்த்ஸோவின் 'அலைகளும் பாறைகளும்' அப்படித்தான் 1962-ல் விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகளாக வந்தது. அச்சில் அவரது முதல் தொகுப்பு வர 1965 ஆயிற்று. பாட்டைப் பிரதியெடுத்த கை கவிதையைப் பிரதியெடுக்கப் போனதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. இரண்டிலும் ஒரே மனோபாவம் வேலை செய்தது: எனக்குக் கிடைத்தது இன்னொருவனுக்குக் கிடைக்காமல் போகக்கூடாது.

அறுபதுகளில் டேப் ரிக்கார்டர் வந்ததும் எலும்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. இதில் ஒரு வேடிக்கை: அந்த இயந்திரத்தை வீட்டு உபயோகத்துக்கென்று தயாரித்து விற்றது அரசாங்கமே. டைப்ரைட்டரில் நாலைந்து பிரதிகள் எடுக்கலாம். டேப்புக்குக் கணக்கே இல்லை. ஒகுட்ஜாவாவும் கலிச்சும் விஸோத்ஸ்கியும் யார் வீட்டுச் சமையலறையிலோ கிதாருடன் பாடியது ஸ்பூலிலிருந்து ஸ்பூலுக்குத் தாவி, தேசம் முழுக்கப் போயிற்று. கலிச் 1971-ல் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டு, 1974-ல் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. அரசின் மெலோதியா நிறுவனம் விஸோத்ஸ்கி உயிரோடிருந்தவரை அவருடைய சில சிறு தட்டுகளைத்தான் அங்கே வெளியிட்டது. 1980 ஜூலையில் அவர் இறந்தபோது, ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த மாஸ்கோவில், அழைப்பில்லாமல் பல ஆயிரம் பேர் தகன்கா நாடக அரங்கின் முன் கூடினார்கள். அத்தனை பேருக்கும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? பெயர் தெரியாத நண்பர்கள்.

அடுத்த கட்டம் ஆல்பம். ஆந்த்ரேய் திரோபில்லோ லெனின்கிராடில் சிறுவர்களுக்கான தொழில்நுட்பக் கழகம் ஒன்றில் ஒலிப்பதிவு வகுப்பு நடத்திக்கொண்டே, அதே அறையில் ராக் குழுக்களைப் பதிவு செய்தார். அக்வாரியம் குழுவின் 'நீல ஆல்பம்' 1981-ல் அங்கிருந்து வந்தது. ஆந்த்ரேய் உசோவ் எடுத்த புகைப்படங்கள் பிரதியெடுத்து ஸ்பூல் பெட்டிகளில் ஒட்டப்பட்டன. பாட்டுகளின் வரிசை, அட்டை, தலைப்பு எல்லாம் இருந்தன. கம்பெனியும் கடையும்தான் இல்லை. 1986-ல் 'ரெட் வேவ்' என்ற இரட்டைத் தட்டு அமெரிக்காவில் நான்கு லெனின்கிராட் குழுக்களை வெளியிட்டது. அடுத்த வருஷம் மெலோதியாவே அக்வாரியத்தின் தட்டை வெளியிட்டது. ரசிகர்கள் ஏற்கனவே தீர்ப்புச் சொல்லி முடித்த வழக்கில் ஸ்தாபனம் தாமதமாகக் கையெழுத்திட்டது, அவ்வளவுதான்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் நகல் என்றால் மூலத்தோடு ஒத்துப்பார்த்து, சரி என்று கையெழுத்திட வேண்டிய காகிதம். மூலத்திலிருந்து ஓர் எழுத்து மாறினாலும் நகல் செல்லாது. இந்த ஸ்பூல்களின் தர்மம் வேறு. ஒவ்வொரு தலைமுறை நகலிலும் இரைச்சல் ஏறி, மேல்ஸ்தாயி மங்கிக்கொண்டே போகும். ஐந்தாவது கையில் இருப்பவன் கேட்பது பாட்டின் நிழலை. மிச்சத்தை அவன் காதுதான் இட்டு நிரப்ப வேண்டும். இதைவிட முக்கியம், ஒரு மணி நேர டேப்பை இந்த முறையில் நகலெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். ஓர் இயந்திரம் பாட, இன்னொன்று பதிவு செய்ய, பிரதியெடுப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை, அவரவருக்கு எத்தனை நண்பர்களோ அத்தனை முறை. உனக்காக இதைப் பதிவு செய்தேன் என்றால், உனக்காக இன்னொரு தடவை கேட்டேன் என்று அர்த்தம். தனக்குப் பிடிக்காத ஒன்றுக்கு எவனும் தன் இரவைக் கொடுக்கமாட்டான். மதிப்புரை எழுதாமலேயே இது ஒரு விமர்சனமாகிவிடுகிறது.

இப்போது அந்தத் தட்டுகளில் இருந்தவை, ஸ்பூல்களில் இருந்தவை எல்லாம் கைபேசியில் கிடைக்கின்றன. லெஷ்சென்கோவை இரைச்சலின்றி நானே கேட்டேன். யாரும் சிறைக்குப் போக வேண்டியதில்லை என்பது நல்ல விஷயம். அந்தப் பஞ்சத்துக்கு ஏங்குவது அயோக்கியத்தனம். ஆனால் இப்போது, கேட்காத ஆல்பத்தையும் நண்பனுக்கு அனுப்ப முடிகிறது. அனுப்பியதைத் திறக்காமலே அவனும் நன்றி சொல்ல முடிகிறது. இருநூறு பிரதி அச்சடித்து, அதில் பாதியை இனாமாகக் கொடுத்து, படித்தாயா என்று கேட்கக் கூச்சப்படும் நமக்கு இது புதிய அனுபவம் அல்ல. தாய்கினிடமிருந்து டைப் பிரதி வாங்கியவன் அதைப் படித்தானா என்ற சந்தேகம் எழுந்திருக்க நியாயமில்லை. அவன் அதை இன்னொருவனுக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது.