ஐந்நூறு கோழியும் ஆறு ஈமுவும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. "சார், கையில ஒரு மூணு லட்சம் இருக்குதுங்க. நாட்டுக்கோழிப் பண்ணையில போடச் சொல்றாங்க. குஞ்சு, தீவனம் எல்லாம் அவங்களே குடுத்து, வளந்த கோழியை அவங்களே வாங்கிக்குவாங்களாம். நீங்க நாமக்கல்லுக்காரரு, உங்களுக்குத் தெரியுமேன்னு கேக்கறனுங்க" என்றான். "யோசிச்சுச் சொல்றேன் சாமி" என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் மழை குறைந்த பூமி. கிணற்றுத் தண்ணீர் உள்ளவன் தவிர மற்றவர்களுக்கு சோளமும் கடலையும்தான். லாரித் தொழில் வளர்ந்ததும், 1970-களில் கோழிப் பண்ணை பரவியதும் அந்த வறட்சியால்தான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். லாரி இருந்ததால் முட்டை கேரளா போயிற்று, பெங்களூர் போயிற்று. இரண்டு தொழிலும் ஒன்றையொன்று தாங்கின.

அந்தக் காலத்துப் பண்ணை என்றால் இன்று நீங்கள் ரோட்டோரம் பார்க்கிற நீள நீளமான கூண்டு ஷெட் இல்லை. தென்னங்கீற்றுக் கொட்டகை, கீழே கடலைத் தொட்டி பரப்பிய ஆழ்கூளம், அதன்மேல் ஐந்நூறோ ஆயிரமோ ஒயிட் லெகார்ன் கோழிகள். ஆசிரியர், வி.ஏ.ஓ., சின்ன விவசாயி என்று யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற நிலை. 1984-இல் நானும் என் மச்சானும் பாதிப் பாதி போட்டு ஐந்நூறு குஞ்சு வாங்கினோம். எனக்குச் சம்பளத்தில் மிச்சம் என்று ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரியின் வளையல்தான் முதல்.

விலை யார் வைத்தது என்பதுதான் இந்தத் தொழிலின் வரலாற்றில் பெரிய விஷயம். முன்பெல்லாம் வியாபாரி சொன்னதுதான் விலை. முட்டையை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, கோழியும் முட்டையிடுவதை நிறுத்தாது. ஆகவே பேரம் பேசப் பண்ணைக்காரனுக்குத் தெம்பு கிடையாது. 1982-இல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் பி.வி.ராவ் முன்நின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உண்டாக்கினார். பண்ணையாளர்களே கூடி விலையை அறிவிப்பது என்று வந்தது. இன்றும் "நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை 5 காசு உயர்வு" என்று பேப்பரில் வருகிறதே, அதன் தொடக்கம் அதுதான். 1985-இல் நாமக்கல்லுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010-இல் வாரம் ஐந்து நாளும் என்றானது. அரசாங்கமே நிரந்தர வாடிக்கை.

இவ்வளவும் நல்லதுதான். ஆனால் இந்த நல்லது ஐந்நூறு கோழிக்காரனுக்கு எவ்வளவு வந்தது?

வகுப்பில் போடுகிற மாதிரி ஒரு கணக்கு. ஒரு முட்டைக்கோழி நாளைக்கு 110 கிராம் போலத் தின்னும். ஆயிரம் கோழிக்கு 110 கிலோ. முட்டை விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த 110 கிலோ போட்டே ஆகவேண்டும். செலவில் முக்கால்வாசி தீவனம்தான். மக்காச்சோளத்தை லாரி லாரியாக அறுவடைச் சமயத்தில் வாங்கி வைக்கிறவனுக்கு ஒரு விலை, வாரம் நான்கு மூட்டை கடனுக்கு எடுக்கிறவனுக்கு ஒரு விலை. முட்டை விலை மூன்று மாதம் படுத்தால் பெரியவன் தாங்குவான். சின்னவன் கோழியை விற்றுவிட்டு எழுந்திருப்பான். பிறகு விலை ஏறும்போது அவன் கொட்டகை காலியாக இருக்கும்.

எங்களுக்கு அது கூட நேரவில்லை. 1987 கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது நாலு கோழி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. சாயங்காலம் நாற்பது. ஒரு வாரத்தில் குழி வெட்டி மூடினோம். தடுப்பூசி போடவேண்டிய தேதியைத் தள்ளிப்போட்டது நாங்கள்தான், மருந்துக் காசை மிச்சம் பிடிக்க. மச்சான் அதன்பிறகு லாரியில் கிளீனராகப் போனார். எங்களோடு தொடங்கியவர்களில் சிலர் இன்று லட்சக்கணக்கில் கோழி வைத்திருக்கிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆயிரம் கோழிப் பண்ணை என்ற ஒன்று இன்று எங்கள் ஊரில் தேடினாலும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

நோய் வராமலே கூட அடி விழும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவில் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் என்று செய்தி. நாமக்கல்லில் ஒரு கோழிக்கும் நோய் இல்லை. ஆனாலும் இங்கே முட்டையைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

1990-களில் பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழி ஒப்பந்தமுறை வந்தது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. ஷெட், தண்ணீர், கரண்டு, ஆள் நம்முடையது. நாற்பது நாற்பத்தைந்து நாளில் கோழியை எடை போட்டு எடுத்துக்கொண்டு கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருவார்கள். சந்தை விலை விழுந்தாலும் கூலி உண்டு என்பதால் சின்ன விவசாயிக்கு இது பிடித்தது. நானும் இதை நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மற்றப் பாதி, ஷெட்டுக்கு வாங்கிய பேங்க் கடன் விவசாயி தலையில், அடுத்த குஞ்சு எப்போது வரும் என்பது கம்பெனி கையில். கூலியை உயர்த்தச் சொல்லி அவர்கள் போராடுவதை இப்போதும் செய்தியில் பார்க்கிறோம்.

இந்த ஒப்பந்தமுறை நேர்மையாக நடந்ததால்தான் அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு ஈமு வந்தபோது எங்களுக்கு உறைக்கவில்லை. ஆஸ்திரேலியப் பறவை. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கூண்டு, தீவனம். மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புப் பணம், வருடத்துக்கு 20,000 போனஸ், இரண்டு வருடம் கழித்துக் கட்டிய பணம் முழுதும் திரும்ப. டி.வி.யில் நடிகர்கள் வந்து சொன்னார்கள். நான் 2011 டிசம்பரில் கட்டினேன். கணக்கு வாத்தியார் நான். 1,44,000-மும் 40,000-மும் கூட்டி எனக்கு என்ன வரும் என்று பார்த்தேன். ஒரு பறவையை வளர்க்க மாதம் ஆயிரம் ரூபாயும் தீவனமும் கொடுக்கிறவன் அதை யாருக்கு, என்ன விலைக்கு விற்பான் என்று ஒரு நாள் கூடக் கேட்கவில்லை. ஈமு கறியை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. எண்ணெய், தோல், இறகு என்று சொன்னதை நம்பினேன்.

என் பணம் போனது என்னோடு. எங்கள் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்த அக்கா ஒருவர், "வாத்தியாரே போட்டிருக்காருன்னா சரியாத்தான் இருக்கும்" என்று, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்து 2012 ஏப்ரலில் கட்டினார். எனக்கு ஏழு மாதம் பணம் வந்தது. அவருக்கு மூன்றே மாதம், 18,000 ரூபாய். ஆகஸ்டில் பெருந்துறையில் அலுவலகங்களைப் பூட்டினார்கள் என்று செய்தி வந்தது. புதிதாகச் சேருகிறவன் பணத்தை எடுத்துப் பழையவனுக்குக் கொடுத்த கதை. கைவிடப்பட்ட பறவைகள் பட்டினியில் செத்தன, அரசாங்கம் தீவனம் வாங்கிப் போடவேண்டி வந்தது. என் வீட்டில் இரண்டு செத்தன. நாலை ஒருவர் தோட்டத்துக்குச் சும்மா கொடுத்தேன்.

1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. அதன்படி பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தோம். அக்காவின் மனுவை நான்தான் எழுதினேன். கையெழுத்துப் போடும்போது, "நீங்க என்ன பண்ணுவீங்க சார், உங்களுக்கும்தானே போச்சு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று. ரேஷன் கடையில் அவர் நிற்பது தெரிந்தால் நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன், இன்றைக்கும்.

நேற்று அந்த மாணவனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். வாட்ஸாப்பில் அந்த நோட்டீஸை அனுப்பினான். திரும்ப வாங்கும் விலை பெரிய எழுத்தில் இருக்கிறது, வெளியே நாட்டுக்கோழி விற்கிற விலையைவிட அதிகம். "வாங்குன கோழியை இவங்க எங்க விக்கறாங்க, அந்தக் கடையை நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

"கேட்டுட்டுச் சொல்றனுங்க சார்" என்றான். இன்னும் போன் வரவில்லை.